டிசெக்‌ஷன் ஹாலுக்குப் பக்கத்து அறையில் எதை வைப்பது? உடற்கூறியல் கற்பிக்க எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட், மெய்நிகர் மேசை

முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 150 பேர். டிசெக்‌ஷன் ஹாலை, அதாவது இறந்த உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தை, ஒட்டி ஒரு காலி அறை. மருத்துவப் படங்களை வைத்து உடற்கூறியல் சொல்லிக்கொடுக்க வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் ஒரு தொகையையும் ஒதுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையில் எதை வைப்பது? சுவர் முழுக்க எக்ஸ்ரே பிலிமை வைத்துப் பார்க்கும் ஒளிப்பெட்டியான வியூ பாக்ஸா? சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் புரட்டிப் பார்க்க வரிசையாகக் கம்ப்யூட்டர்களா? ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷினா? ஆள் நீளத்துக்குத் தொடுதிரை கொண்ட மெய்நிகர் டிசெக்‌ஷன் மேசையா?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், திருப்பூர், அரியலூர், ராமநாதபுரம் என்று மாவட்டத் தலைநகரங்களில் எழுந்த அந்தக் கல்லூரிகளால் 1,450 இடங்கள் கூடின. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மியூசியம் ஸ்பெசிமன்கள் இருக்கும், பழைய எக்ஸ்ரே பிலிம்கள் இருக்கும், ‘அந்தப் படத்தை எடுத்துட்டு வாப்பா’ என்றால் எந்த அலமாரி என்று தெரிந்த அட்டெண்டர் இருப்பார். புதிய துறைக்கு இது எதுவும் கிடையாது. அங்கே முதலில் வாங்குவது எதுவோ, அதைச் சுற்றித்தான் அடுத்த பல வருடங்களுக்குப் பாடம் நடக்கும். ஆகவே யோசித்து வாங்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தில் பெரும்பகுதியைச் சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்கும், அடையாளம் நீக்கிய நல்ல சி.டி., எம்.ஆர்.ஐ. தொகுப்புகளைச் சேர்ப்பதற்கும் செலவிட வேண்டும். அல்ட்ராசவுண்ட் அடுத்த கட்டம், அதுவும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால். எக்ஸ்ரேவுக்குத் தனிச் செலவே தேவையில்லை. மேசை கடைசி. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மாணவரின் கையில் எது இருக்கிறது என்பதை. தானே தேடிக் கண்டுபிடித்த நாளம் நினைவில் நிற்கிறது. ஆசிரியர் சுட்டிக்காட்டிய நாளம் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முன்பே மறந்துபோகிறது.

டிசெக்‌ஷனுக்குப் பதிலா என்ற கேள்வி

இந்த ஒப்பீட்டுக்குள் போகும் முன்பு ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். படங்கள், படிப்புக்காகப் பதப்படுத்திய இறந்த உடலான கடாவருக்குப் பதிலாக வருகின்றனவா, துணையாக வருகின்றனவா? பதிலாக வைத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில் 2002இல் தொடங்கிய பெனின்சுலா மருத்துவப் பள்ளி, கடாவர் டிசெக்‌ஷனே இல்லாமல், உயிருள்ள உடலின் மேற்பரப்பையும் மருத்துவப் படங்களையும் வைத்து உடற்கூறியல் கற்பித்தது. நோயாளியின் உடலை மருத்துவர் வாழ்நாள் முழுக்கச் சந்திக்கப்போவது இந்த இரண்டு வழிகளில்தான் என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. பொது மருத்துவராகவோ குழந்தை மருத்துவராகவோ ஆகப்போகிறவர், முதலாண்டுக்குப் பிறகு திறந்த வயிற்றுக்குள் கைவிடும் சந்தர்ப்பம் மிகக் குறைவு. சி.டி. அறிக்கை பார்க்காத வாரமே அவருக்கு இருக்காது.

ஆனாலும் நம் கல்லூரிகளுக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். ஒரு நரம்பைத் தமனியிலிருந்து விரலால் பிரிக்கும்போது கிடைக்கும் ஆழம், திசுவின் தடிப்பு, இரண்டு தசைகளுக்கு இடையே ஜவ்வுபோல ஓடும் உறையின் இழுவை எதுவும் திரையில் வராது. உடல் தானம் செய்த ஒருவரின் முன்னால் நின்று கற்பது மாணவருக்குள் உண்டாக்கும் பொறுப்புணர்ச்சியும் திரையில் வராது.

கடாவரின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஃபார்மலின் ஏறிய உடலில் நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது, உறுப்புகளின் நிறம் போய்விடுகிறது, சிரைகள் தட்டையாகிவிடுகின்றன. தானமாக வரும் உடல்கள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. உயிருள்ள, மூச்சிழுத்த, இரத்தம் நிறைந்த உடலைக் காட்ட வேறு ஒன்று வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிமுறைகளுக்குப் பிறகு, 18 மாதமாக இருந்த முதல் கட்டப் படிப்பு ஏறத்தாழ ஓராண்டாகச் சுருங்கிவிட்டதால், அந்த வேறு ஒன்று டிசெக்‌ஷன் நேரத்தைத் தின்னாமல் அதே வாரத்து டிசெக்‌ஷனோடு ஒட்டி வர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த நிபந்தனையை வைத்துத்தான்.

எக்ஸ்ரே: விடக் கூடாதது, வாங்க வேண்டாதது

எக்ஸ்ரேயும் உடற்கூறியலும் பிறந்ததிலிருந்தே சேர்ந்து நடந்தவை. 1895 நவம்பரில் ரான்ட்ஜென் அந்தக் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில், துண்டிக்கப்பட்ட ஒரு கையின் இரத்தக் குழாய்களுக்குள் கதிரை மறைக்கும் கலவையைச் செலுத்திப் படமெடுத்துவிட்டார்கள். சென்னையில் 1934இல் பர்னார்ட் கதிரியக்க நிலையம் வந்தபோது ஆசியாவிலேயே அப்படிப்பட்டவை அபூர்வம்.

இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த, இன்று தேசிய மருத்துவ ஆணையத்தின் கீழ் உள்ள திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. மார்பு எக்ஸ்ரே, கை கால் எலும்புகளின் எக்ஸ்ரே, வயிற்றின் எக்ஸ்ரே, பேரியம் விழுங்கி எடுத்த படம், ஐ.வி.பி. (சிரையில் மருந்து செலுத்தி எடுக்கும் சிறுநீர்ப் பாதைப் படம்) எல்லாவற்றையும் முதலாண்டு மாணவர் அடையாளம் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. எலும்பு வளர்ச்சியை உயிருள்ள குழந்தையிடம் பார்க்க எக்ஸ்ரேயை விட எளிய வழி கிடையாது. மணிக்கட்டில் கேப்பிடேட் என்ற சிறு எலும்பு உருவாகத் தொடங்கும் மையம் பிறந்த சில மாதங்களில் தோன்றுகிறது, பிசிஃபார்ம் பள்ளிக்கூட வயதில் கடைசியாக வருகிறது. ஒரு வயது, ஐந்து வயது, பன்னிரண்டு வயது கைகளின் எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்தால் புத்தகத்தின் அட்டவணை கண்ணெதிரே வளர்ந்து நிற்கும்.

ஆனால் இதற்காக வியூ பாக்ஸ் வாங்குவது வீண். மருத்துவமனைகளில் பிலிம் குறைந்து, டிஜிட்டல் படமே மிஞ்சுகிறது. வகுப்பில் ஏற்கனவே இருக்கும் புரொஜெக்டரும் மாணவரின் கம்ப்யூட்டரும் போதும். எக்ஸ்ரேயின் இயல்பான குறை ஒன்று உண்டு: முன்னும் பின்னும் உள்ள எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல் அது. மார்பு எக்ஸ்ரேயில் இதயத்தின் வலது விளிம்பு வலது ஏட்ரியம் (மேலறை) என்று மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். ஏன் அப்படி, வலது வென்ட்ரிக்கிள் (கீழறை) எங்கே போனது என்று கேட்டால் திகைப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் குறுக்குவெட்டில்தான் இருக்கிறது.

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும்: மாணவரே புரட்டும்போது

இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன். 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைச் சி.டி. படமெடுத்ததிலிருந்து, உடலைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பது அன்றாட மருத்துவத்தின் மொழியாகிவிட்டது. நம் பாடத்திட்டமும் டி 8, டி 10 (மார்பு), எல் 1 (இடுப்பு) முள்ளெலும்பு மட்டங்களின் குறுக்குவெட்டுகளை அடையாளம் காட்டச் சொல்கிறது. பல இடங்களில் இதைப் புத்தகத்தில் உள்ள மூன்று படங்களை மனப்பாடம் செய்து முடித்துவிடுகிறார்கள். மூன்று படம் போதாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதில்தான் உடற்கூறியல் இருக்கிறது. முருங்கைக்காயை நேராக நறுக்கினால் வட்டம், சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம், நீளவாக்கில் பிளந்தால் பட்டை. பெருந்தமனி செங்குத்தாக இறங்குவதால் வட்டமாகவே தெரிகிறது, மண்ணீரல் சிரை கிடையாக ஓடுவதால் ஒரே படத்தில் நீண்ட பட்டையாகத் தெரிகிறது. இதை மாணவர் தன் விரலால் புரட்டிப் பார்த்தால்தான் புரியும்.

கருவி பற்றிய பயம் தேவையில்லை. வயிற்றுப் பகுதியை மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த ஒரு சி.டி. தொகுப்பில் 400, 500 படங்கள் வரும். ஒவ்வொன்றும் 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட். அதாவது ஒரு படம் அரை எம்.பி., முழுத் தொகுப்பும் சுமார் 250 எம்.பி. சாதாரணக் கம்ப்யூட்டரில் சிரமமில்லாமல் ஓடும். 3டி ஸ்லைசர், பிரேசிலில் அரசு ஆய்வு நிலையம் ஒன்றில் உருவான இன்வெசாலியஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். ஒரு கம்ப்யூட்டர் நாற்பதாயிரம் ரூபாய் என்று வைத்தால், 25 கம்ப்யூட்டருக்குப் பத்து லட்சம். 150 பேரை 50 பேர் கொண்ட மூன்று பேட்ச்சாகப் பிரித்தால் இரண்டு பேருக்கு ஒரு திரை. ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர் வழி சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும்.

முதல் வகுப்பில் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “சார், கல்லீரல் ஏன் இடது பக்கம் இருக்கு?” நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், நாம் அவருடைய கால்மாட்டில் நின்று மேல்நோக்கிப் பார்க்கிறோம் என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியும். மீதிப் பேருக்கு ஒருவரைப் பெஞ்சில் படுக்கச் சொல்லி, கால்மாட்டில் எல்லோரையும் நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் செலவழிக்கத் தயங்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் வருடம் முழுக்க இடமும் வலமும் குழம்பும்.

அடுத்தது ஜன்னல் அளவு. சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் திசுவின் அடர்த்தியைக் காட்டும் ஒரு எண் உண்டு: தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு சுமார் −100, கல்லீரல் 50, 60, எலும்பு பல நூறு. கண்ணால் இவ்வளவு பெரிய வீச்சின் சாம்பல் நிறங்களைப் பிரித்தறிய முடியாது. அதனால் எந்தப் பகுதியைத் திரையில் விரித்துக் காட்டுவது என்று நாமே தீர்மானிக்கிறோம். அதே மார்புப் படத்தை ஒரு ஜன்னலில் பார்த்தால் நுரையீரல் முழுக்கக் கறுப்பு, இதயமும் நாளங்களும் தெளிவு. இன்னொன்றில் நுரையீரலுக்குள் கிளைவிடும் மூச்சுக்குழாய்கள் வரை தெரியும். மாணவர் தானே மாற்றிப் பார்க்கும்போது அவர் முகத்தில் தெரியும் வியப்பு எனக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாகவே இருக்கிறது.

இனி எல் 1 மட்டத்துக்கு வருவோம். மேலிருந்து புரட்டச் சொல்லுங்கள். பெருந்தமனியின் முன்பக்கத்திலிருந்து டி 12 அருகே சீலியாக் தண்டு கிளம்புகிறது. கொஞ்சம் இறங்கினால் எல் 1இல் சுப்பீரியர் மெசென்டரிக் தமனி. அதற்குச் சற்றுக் கீழே சிறுநீரகத் தமனிகள். வலது சிறுநீரகத் தமனி கீழ்ப்பெருஞ்சிரைக்குப் பின்னால் புகுந்து போவதை மாணவரே கண்டுபிடிக்கட்டும். இடது சிறுநீரகச் சிரை, பெருந்தமனிக்கும் சுப்பீரியர் மெசென்டரிக் தமனிக்கும் இடையே நெருக்கிக்கொண்டு கடப்பதையும் அவரே காட்டட்டும். இன்னும் கீழே, எல் 3 மட்டத்தில் அதே சந்துக்குள் சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் மூன்றாம் பகுதி கடக்கிறது. மண்ணீரலின் வாயிலிலிருந்து புறப்பட்டால், கணையத்தின் பின்பக்கமாக ஓடிவரும் சிரை, கணையக் கழுத்துக்குப் பின்னால் கீழிருந்து ஏறிவரும் மெசென்டரிக் சிரையோடு சேர்ந்து போர்ட்டல் சிரையாகிக் கல்லீரலுக்குள் நுழைகிறது. இதில் ஒரு வரியைக்கூட ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பெயர் எழுதாத படத்தைக் கொடுத்து, ‘மண்ணீரலில் தொடங்கு, கல்லீரலில் முடி’ என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே டிசெக்‌ஷன் ஹாலில் வயிற்றறைக்குள் இருக்கும் சிறு வாயிலான எபிப்ளாயிக் துவாரத்துக்குள் ஆள்காட்டி விரலை விடச் சொல்லுங்கள். விரலுக்கு முன்னால் போர்ட்டல் சிரை, பின்னால் கீழ்ப்பெருஞ்சிரை. உடனே பக்கத்து அறைக்கு வந்து திரையில் அந்த இரண்டு நாளங்களையும் தேடட்டும். முன்னும் பின்னுமாக இரண்டு வட்டங்கள், நடுவே ஒரு மெல்லிய இடைவெளி. தன் விரல் நுழைந்த இடம் அதுதான் என்று ஒரு மாணவி சொல்லும்போது, தொட்டதும் பார்த்ததும் அவளுக்குள் ஒன்றாகிவிட்டன. இந்தச் சேர்க்கைக்காகத்தான் அறை டிசெக்‌ஷன் ஹாலை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறேன். மூன்றாவது மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் லேப் இதற்கு உதவாது.

மனிதருக்கு மனிதர் மாறும் உடலமைப்பைக் காட்டவும் சி.டி.யை மிஞ்ச எதுவும் இல்லை. நான்கில் ஒருவருக்காவது ஏதோ ஒரு பக்கச் சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனி இருக்கும். பத்தில் ஒருவர் அளவில் வலது கல்லீரல் தமனி சுப்பீரியர் மெசென்டரிக் தமனியிலிருந்து பிறக்கும். ஹாலில் இருக்கும் நான்கைந்து கடாவரில் இவை கிடைப்பது அதிர்ஷ்டம். முப்பது சி.டி. தொகுப்புகளைக் குழுவுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொடுத்தால் ஒரே வகுப்பில் இவற்றில் சில கட்டாயம் அகப்படும். பின்னாளில் பித்தப்பை அறுவையிலோ சிறுநீரக மாற்றிலோ நிற்கப்போகிறவருக்கு, புத்தகத்தில் உள்ளபடியே உடல் இருக்காது என்ற அறிவு முதலாண்டிலேயே வருவது பெரிய விஷயம்.

எம்.ஆர்.ஐ.யை எல்லாவற்றுக்கும் இழுக்க வேண்டாம். மூளை, தண்டுவடம், முழங்கால், இடுப்புக்குழி ஆகிய நான்கு இடங்களுக்கு வைத்துக்கொண்டால் போதும். டி1 என்ற வகைப் படத்தில் மூளைத் தண்டுவட நீர் கறுப்பு, டி2 வகைப் படத்தில் வெள்ளை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மூளைத் துண்டுகளை டிரேயில் வைத்துப் பார்க்கும் அதே நாளில் மூளைக்குள் அந்த நீர் நிறைந்த அறைகளான வென்ட்ரிக்கிள்களைத் திரையில் பின்தொடரச் செய்யலாம்.

குறைகளும் உண்டு. கழுத்தின் சிறு நரம்புகளோ தசை உறைகளோ சி.டி.யில் தெரியாது. வழிகாட்டும் கேள்வித்தாள் இல்லாமல் உட்காரவைத்தால் மாணவர் சாம்பல் கடலில் மூழ்கிவிடுவார், பத்தாவது நிமிடத்தில் கை போனுக்குப் போய்விடும். உடற்கூறியல் ஆசிரியர்களில் பலருக்கே குறுக்குவெட்டுப் படத்தோடு பழக்கம் குறைவு. கதிரியக்கத் துறையிலிருந்து ஒருவர் தொடக்கத்திலாவது கூட இருக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய வேலைப்பளு எல்லோருக்கும் தெரியும். பாடத்தை அவரே வந்து நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்காமல், உடற்கூறியல் ஆசிரியர்களுக்கு அவர் ஒருமுறை சொல்லிக்கொடுத்து, தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால் வண்டி ஓடும்.

படங்கள் எங்கிருந்து வரும்? நோயில்லாத உடலின் சி.டி. மருத்துவமனையில் எப்படிக் கிடைக்கும் என்று தயங்குகிறார்கள். இரண்டு இடங்களில் கிடைக்கும். விபத்தில் அடிபட்டு வந்தவர்களுக்கு எடுக்கும் வயிற்று, மார்புப் படங்களில் கணிசமானவை இயல்பாகவே இருக்கும். சிறுநீரகம் தானம் கொடுக்க வருபவர்களின் சி.டி. ஆஞ்சியோ முற்றிலும் ஆரோக்கியமானவர்களின் படம், அதுவும் தமனிகள் மின்னும் படம். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) கோப்புக்குள் மறைந்திருக்கும் பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாவற்றையும் நீக்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். படத்தின் மூலையில் எழுதப்பட்டிருப்பதை மட்டும் அழித்தால் போதாது. தலைப் படமென்றால் இன்னும் கவனம் வேண்டும்: முப்பரிமாணமாக மாற்றினால் முகமே தெரிந்துவிடும், ஆகவே முகப்பகுதியை வெட்டிவிட வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யக் கூடாது, அது நம்மை நம்பி வந்து படுத்தவருடைய உடல்.

உள்ளூரில் கிடைக்கும் வரை பொதுத் தொகுப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட விசிபிள் ஹியூமன் தொகுப்பில், ஓர் ஆணுடலின் சி.டி., எம்.ஆர்.ஐ., ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டி எடுத்த வண்ணப் படங்கள் மூன்றும் உண்டு. 1995இல் வந்த பெண்ணுடல் தொகுப்பில் வெட்டின் இடைவெளி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இன்று இவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து வந்த டோட்டல் செக்மென்டேட்டர் தொகுப்பில் 1,204 சி.டி.க்கள், ஒவ்வொன்றிலும் உறுப்பு, எலும்பு, தசை, நாளம் என்று 104 அமைப்புகள் வரை நிறம் பிரித்துக் குறிக்கப்பட்டவை. ஆசிரியர் விடைத்தாள் தயாரிக்க இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை.

‘நம் மாணவரையே ஒருமுறை சி.டி. எடுத்துக் காட்டலாமே’ என்று யாராவது கேட்டால் உறுதியாக மறுத்துவிட வேண்டும். வயிற்றுச் சி.டி. ஒன்றின் கதிரளவு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். உலகச் சராசரியில் ஒருவர் இயற்கையிலிருந்து வருடத்துக்குப் பெறுவது 2.4. கற்பிப்பதற்காக ஒருவர் உடலில் அதை ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

அல்ட்ராசவுண்ட்: உயிரைக் காட்டும் ஒரே கருவி, ஆனால்

சி.டி.யால் முடியாதது அசைவு. அல்ட்ராசவுண்டில் இதய வால்வு திறந்து மூடுகிறது. மூச்சிழுத்தால் கல்லீரல் இறங்கி வருகிறது. கழுத்தில் கரோட்டிட் தமனி துடிக்க, பக்கத்தில் ஜுகுலர் சிரை, தோலில் வைக்கும் கருவியான புரோபை லேசாக அழுத்தினாலே மறைந்துவிடுகிறது, மூச்சை அடக்கி முக்கினால் பருக்கிறது. மணிக்கட்டில் புரோபை வைத்துக்கொண்டு விரல்களை மடக்கினால் தசைநாண்கள் வழுக்கி ஓட, மீடியன் நரம்பு தேன்கூடு போன்ற அமைப்போடு அங்கேயே நிற்கிறது. கதிர்வீச்சு கிடையாது. அமெரிக்காவில் சவுத் கரோலைனா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2006இலேயே அல்ட்ராசவுண்டை எல்லா ஆண்டுகளின் பாடத்திலும் சேர்த்துவிட்டது. அதைப் படித்துவிட்டு நம் ஊரிலும் உடனே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு.

இங்கே நிலைமை வேறு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் வந்த பி.சி.பி.என்.டி.டி. சட்டம், அல்ட்ராசவுண்ட் மெஷின் இருக்கும் இடத்தையும் இயக்குபவரையும் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவில்லாத இடத்துக்கு நிறுவனம் மெஷினை விற்கவே கூடாது. உடற்கூறியல் துறை வாங்கும் மெஷினுக்கு மட்டும் விலக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பெண் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். கல்லூரிக்குள் அது ஒரு இடைஞ்சல் என்ற தொனியில் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆகவே நடைமுறை இதுதான்: தகுதியும் பதிவும் உள்ள கதிரியக்க மருத்துவர் முன்னால் நிற்க, ஏற்கனவே பதிவான மெஷினில், பதிவான இடத்தில் வகுப்பு. துறைக்கென்று தனியாக வாங்குவது அதற்கு ஆள் கிடைத்த பிறகு.

கணக்கும் பார்க்க வேண்டும். ஒரு மெஷினைச் சுற்றி ஆறு பேருக்கு மேல் நின்றால் ஏழாவது ஆளுக்குத் தோள்தான் தெரியும். 150 பேரென்றால் 25 குழு. குழுவுக்கு அரை மணி நேரமென்றால் எல்லோருக்கும் ஒருமுறை கிடைக்கப் பன்னிரண்டரை மணி நேரம், அவ்வளவு நேரமும் ஒரு கதிரியக்க மருத்துவர் கூடவே நிற்க வேண்டும். இதனால்தான் வருடத்துக்கு மூன்று வகுப்புகளைத் தேர்ந்தெடுத்துச் செய்யச் சொல்கிறேன்: கழுத்து, முன்கை, இதயம். வயிறு வேண்டாம். வாயு மறைக்கும், சாப்பிட்டுவிட்டு வந்த மாணவரின் பித்தப்பை சுருங்கியிருக்கும், புதிதாகப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் மேகமூட்டம்.

யார் மேல் புரோப் வைப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். விருப்பத்தோடு வந்தவர் மட்டும். ‘நீ வாப்பா’ என்று முன்வரிசை மாணவரைக் கூப்பிடுவது சம்மதம் ஆகாது, ஆசிரியர் கூப்பிட்டால் மறுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மாணவிகளிடம் கழுத்துக்கும் கைக்கும் மேல் கேட்கவே கூடாது. தைராய்டில் ஒரு கட்டியோ இதயத்தில் ஒரு ஓட்டையோ தற்செயலாகத் தெரிந்தால், கூட்டத்துக்கு நடுவே பேசாமல் தனியாக அழைத்துச் சொல்லி, யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு வகுப்புக்கு முன்பே இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத கல்லூரி அல்ட்ராசவுண்ட் வகுப்பையே தொடங்கக் கூடாது.

மெய்நிகர் மேசை

பார்வையாளர் வந்தால் முதலில் அழைத்துப்போய்க் காட்டப்படுவது இதுவாகத்தான் இருக்கும். அழகாக இருக்கிறது, வாசனை இல்லை, வெட்டியதை மறுபடி ஒட்டலாம், தோலை ஒரு தொடுதலில் நீக்கலாம். கடாவர் மிகக் குறைவாக உள்ள இடத்திலும், பெரிய வகுப்பில் பாடம் தொடங்கும் முன் முழுப் படத்தைக் காட்டவும் இது பயன்படும் என்பதை மறுக்கவில்லை.

விலை பல பத்து லட்சம் ரூபாய், அதன்மேல் வருடாந்திரப் பராமரிப்பு. ஐம்பது பேர் கொண்ட பேட்ச் வந்து நின்றால் எட்டு, பத்துப் பேர் பார்க்கலாம், ஒருவர் தொடலாம். அதைவிட எனக்குள்ள தயக்கம் வேறு: அங்கே எல்லாம் ஏற்கனவே பிரித்து, நிறம் பூசி, பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மாணவர் தேட வேண்டியது ஒன்றுமில்லை. அதே பணத்தில் கம்ப்யூட்டர் அறை முழுதும் அமைத்து, அல்ட்ராசவுண்டுக்கும் மிச்சம் பிடிக்கலாம். ஏற்கனவே மேசை வாங்கிவிட்ட கல்லூரி அதைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. நிறத்தையும் பெயரையும் அணைத்துவிட்டு, ஸ்கேன் படத்தை மட்டும் காட்டும் வகையில் பயன்படுத்தினால், விலை கூடிய கம்ப்யூட்டராகவாவது உழைக்கும்.

தேர்வில் வராதது வகுப்பில் நிலைக்காது

எந்தக் கருவி வாங்கினாலும், ஸ்பாட்டரில் (வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வில்) பழைய மார்பு எக்ஸ்ரேயை மட்டும் வைத்தால் மாணவர் அதை மட்டும்தான் படிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, நேரம் அவ்வளவுதான். பல்கலைக்கழகத் தேர்வு மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்மதிப்பீடு துறையின் கையில் இருக்கிறது. வயிற்றுப் பகுதி முடிந்ததும் வரும் தேர்வில் ஒரு கம்ப்யூட்டரில் பெயரில்லாத தொகுப்பைத் திறந்து வைத்து, இரண்டு நிமிடம் கொடுத்து, அம்புக்குறியிட்ட ஒரு நாளத்தை அது சேரும் இடம்வரை புரட்டிக் காட்டச் சொல்லலாம். பெயர் தெரியாமலே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவருக்குப் பாதி மதிப்பெண் தர வேண்டும். பெயரை மட்டும் சொல்லிவிட்டு வழி தவறியவருக்கு அவ்வளவு தரத் தேவையில்லை. வகுப்பில் பார்க்காத ஒருவரின் சி.டி.யையே தேர்வுக்கு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாணவர்கள் படத்தின் எண்ணையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவார்கள்.